இரண்டாவது தலைப்பிரசவம்

கேத்தரினுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருந்தாள். பெயர் ரெஜினா. தட்டில் மரவள்ளிக்கிழங்கைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்ளும் அளவுக்கு விவரமானவள். இருந்தும் கேத்தரினுக்கு இன்னும் பிரசவமே ஆகவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் அவளுடைய மாமியார் சவரியம்மாள்.

"அதெல்லாம் பெத்ததுல சேர்த்தியா? வயித்த அறுத்து எடுத்தது. பெத்தவ முழிச்சுக்கூட இல்ல!"

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வரும்வரை இந்த உண்மை அவருக்குப் புலப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ரெஜினா 'எங்க வீட்டு மூத்த பேத்தி'யாகத்தான் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு, அடுத்தது புகுந்த வீட்டுப் பொறுப்பு என்பது வழக்கம். கிள்ளானில் இருந்த கேத்தரினின் அம்மா மரியபுஷ்பம் தன் பொறுப்பைக் குறைவில்லாமல் முடித்திருந்தார். பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு, நல்லெண்ணெய், சுடுசோறு என்று மகளைத் தேற்றி அனுப்பியிருந்தார். இப்போது கேத்தரினுக்கு எட்டாவது மாதம். முறைப்படி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் சவரியம்மாள் பார்க்க வேண்டிய பிரசவம்.

ஆனால் பாசாரில் பூண்டைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ரேஷன் அரிசியில் கல்லும் புழுவும் போக மிஞ்சுவது ரெஜினாவுக்கே காணாது. பிள்ளை பெற்று வருபவளுக்கு எதைப் போடுவது? இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் மானம் போய்விடும். அதனால் எது பிரசவம், எது பிரசவம் இல்லை என்று சாஸ்திரம் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மரியபுஷ்பம் ரயிலேறி வந்துவிட்டார். சம்பந்திகள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் கேத்தரின் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"மொதப் பிரசவம் நாங்க பாத்தாச்சு சம்பந்தி," என்றார் மரியபுஷ்பம்.

"நீங்க எங்க பாத்தீங்க? வெள்ளைக்கார டாக்டர்லா பாத்தாரு. கத்தி வச்சு எடுத்தது கணக்குல வராது. இவ வலி எடுத்துப் பெத்தாத்தான் தலைப்பிரசவம். அது தாய்வீட்லதான் நடக்கணும். நான் சொல்லல, முறை சொல்லுது."

"அப்போ ரெஜினாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப மூத்த பேத்தின்னு கேக் வெட்டுனீங்களே?"

"கேக்கும் வெட்டுனதுதான், புள்ளையும் வெட்டுனதுதான்."

கேத்தரினின் கணவன் சிரில் ஜன்னலோரம் ஜப்பானிய எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். ரயில்வே ஆபீஸ் கிளார்க். அந்த மொழி வராத கிளார்க்குகளைச் சயாமுக்கு ரயில்பாதை போட அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் அவன் தலை நிமிர்வதில்லை.

"நீ என்னடா சொல்றே?" என்றார் சவரியம்மாள்.

"நீங்க சொல்றதும் சரிதான்மா. அத்தை சொல்றதும் சரிதான்."

ஆங்கிலேயனின் கொடிக்கும் ஜப்பானியனின் கொடிக்கும் ஒரே பக்தியோடு குனிந்த முதுகு அது. இரண்டு அம்மாக்களுக்குக் குனிவதா சிரமம்?

முடிவில் மரியபுஷ்பம் தோற்றார். மகளைப் பெற்றவர் தோற்பதும் ஒரு முறைதானே. "சரி, அனுப்புங்க. எங்க பக்கத்து வரிசை வீட்ல சீதாலெட்சுமி இருக்கா. பிரசவம் பாக்குற பீடான், கைராசிக்காரி. வந்து பாத்துக்குவா."

கேத்தரின் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கு வயித்துல தையல் இருக்குன்னு அந்தக்காகிட்ட சொல்லிட்டியாம்மா?"

"சொன்னா எவ வருவா?" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

ஆக, எல்லாம் தயார். பிரசவம் பார்க்கப்போகிறவளுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

கேத்தரின் கிழங்குத் தோலை அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். தொப்புளுக்குக் கீழே நேர்கோடாக இறங்கிய தழும்பு, வயிறு பெருக்கப் பெருக்க அகலமாகிக்கொண்டே வந்தது. மாமியாரின் பேச்சு ஏன் இப்படிச் சுடுகிறது என்று யோசித்தாள். பொய்யாக இருந்தால் சுடாது. மூன்று வருடமாக அவளும் தனக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். குளோரோபார்ம் வாடை வந்தது, கண் இருண்டது, கண் திறந்தபோது பக்கத்தில் ஒரு குழந்தை. தன் வீட்டு விசேஷத்துக்கே தான் போகாமல் விட்டதுபோல இருந்தது. எல்லாம் முடிந்தபின் இவள்தான் உன் மகள் என்று சொன்னார்கள், நம்பினாள். ஒருமுறையாவது விழித்திருந்து பெற வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. ஆனால் தையல் பிரிந்தால்? ரெஜினாவுக்குக் கிழங்கை யார் ஊட்டுவார்கள்? அவள் கேத்தரின் ஊட்டினாலே தின்பதில்லை.

மறுநாள் சிரிலை இழுத்துக்கொண்டு டாக்டர் கார்த்திகேசுவைப் பார்க்கப் போனாள். ரெஜினா பிறந்தபோது கிள்ளான் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டருக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், தழும்பைத் தடவினார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"இஞ்ச பாரும் பிள்ளை, ஒருக்கா வெட்டின வயிறெண்டால் பிறகும் வெட்டித்தான் எடுக்கவேணும். அப்பிடித்தான் எங்களுக்குப் படிப்பிச்சவை."

"அப்ப வெட்டிடுவீங்களா?"

"வெட்டலாம். குளோரோபார்ம் ஒரு போத்தில் கிடக்கு. தையல் நூல் கொஞ்சம் கிடக்கு. புண் சீழ் பிடிச்சால் குடுக்கிற மருந்தெல்லாம் ராணுவம் கொண்டு போட்டுது. வெட்டினபிறகு நீர் தப்புறது கடவுள் பாடு."

"வலி எடுத்து நானே பெத்தா?"

"கர்ப்பப்பையில எந்த இடத்தில வெட்டினவர் எண்டதைப் பொறுத்தது. கீழ்ப்பக்கம் வெட்டியிருந்தால் தாங்கக்கூடும். மேல்பக்கமெண்டால் பிரிஞ்சுபோம், தாயும் இல்லை பிள்ளையும் இல்லை. வெளித்தழும்பைப் பாத்து உள்ளுக்க சொல்லேலாது. நான் அண்டைக்குத் தியேட்டரில இல்லை. வெட்டினவர் சிங்கப்பூரில சிறையில இருக்கிறார். போய்க் கேக்கவும் ஏலாது."

"அவர் அன்னைக்கு எதுக்கு வெட்டுனாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு டாக்டர். புள்ள குறுக்க கெடந்துச்சு."

டாக்டர் நிமிர்ந்தார். மறுபடி அழுத்திப் பார்த்தார். "இந்தப் பிள்ளை தலைகீழா ஒழுங்காத்தான் கிடக்கு. அப்ப முயற்சி செய்து பாக்கலாம். ஆனால் இஞ்ச, கத்தியைப் பக்கத்தில வச்சுக்கொண்டு. எது நல்லதெண்டு என்னைக் கேட்டால், சத்தியமா எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். மற்ற எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

சிரில் நாற்காலி நுனிக்கு வந்தான். "அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றோம் டாக்டர்."

"அத்தைக்கு வலி எடுத்தா அத்தைய கேப்போம்," என்றாள் கேத்தரின். "நான் இங்கயே வர்றேன் டாக்டர். முடிஞ்ச வரைக்கும் பாக்குறேன். முடியலன்னா நானே சொல்றேன்."

"தழும்பில நோவு தெரிஞ்சால் உடன சொல்லவேணும். இரண்டு நோவுக்கு நடுவில வயிறு இளகேக்கையும் அந்த வலி மட்டும் விடாமல் நிண்டால், அதுதான் அடையாளம். அதை மறைச்சு வீரம் காட்டப்படாது."

செய்தி கேட்டதும் அம்மாக்கள் இருவரும் கல்யாணத்துக்குப்பிறகு முதல்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள். ஆஸ்பத்திரி தாய்வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை. அங்கே பெற்றால் அது யார் பொறுப்பில் சேரும்? "இவ பெரிய டாக்டரு, இவளே முடிவு பண்ணிட்டா," என்றார் சவரியம்மாள். "படிக்க வச்சது தப்பாப்போச்சு சம்பந்தி," என்றார் மரியபுஷ்பம். இரண்டாம் பாரம் வரைதான் படிக்க வைத்திருந்தார்.

வலி ஒரு காலையில் வந்தது. தோக்கியோவின் காலையா, மலாயாவின் காலையா என்று பிரித்துச் சொல்ல முடியாத இருட்டு. ஊர்க் கடிகாரங்களையெல்லாம் ஜப்பான் நேரத்துக்குத் திருப்பி வைத்ததிலிருந்து சூரியனும் தாமதமாகத்தான் வேலைக்கு வந்தது. சிரில் ரிக்‌ஷா பிடித்து வந்தான். காவல் நின்ற ஜப்பானிய வீரனுக்கு அவன் இறங்கிக் குனிந்தான். கேத்தரினால் குனிய முடியவில்லை. வீரன் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அந்த ஆட்சியில் அவளுக்குக் கிடைத்த ஒரே சலுகை.

பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் சவரியம்மாளும், நாள் நெருங்கியதும் ரயிலேறி வந்துவிட்ட மரியபுஷ்பமும் செபமாலை சொன்னார்கள். ஒருவர் குரல் உயர்ந்தால் மற்றவர் குரலும் உயர்ந்தது. மாதா யாருடைய சம்பந்தி என்று போட்டி நடப்பதுபோல இருந்தது.

உள்ளே கேத்தரின் விழித்திருந்தாள். வலி வந்தது, பிடித்தது, விட்டது. கத்தினாள், பல்லைக் கடித்தாள், பிறகு தன்னையறியாமல் கொஞ்சம் பெருமைப்பட்டாள். இதுதான் அது. இந்தமுறை என் வீட்டு விசேஷத்துக்கு நான் வந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குமேல் ஒரு வலி விட்டபோது இன்னொன்று விடவில்லை. தொப்புளுக்குக் கீழே, கோடு போட்ட இடத்தில், யாரோ நெருப்புக்குச்சியை வைத்து எடுக்க மறந்ததுபோல.

கேத்தரின் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கத்தி. கத்தி என்றால் மறுபடி அறுத்து எடுத்தது. வெளியே சவரியம்மாளின் குரல் 'அருள் நிறைந்த மரியே' என்று ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வலி வந்து போனது. நெருப்பு அங்கேயே இருந்தது. இன்னும் கொஞ்சம், தலை வந்துவிடும், அந்தக் கிழவி முகத்தில் கரியைப் பூசிவிடலாம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் குழந்தைக்காகப் பொறுக்கவில்லை. தனக்காகக்கூட இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காகச் சாகப்போகிறாள். கல்லறையில் என்ன எழுதுவார்கள்? 'மாமியாரை வென்றவள்'. மாமியார் அதற்கும் ஒரு முறை சொல்லுவார்.

"டாக்டர்," என்றாள். "வலி விட்டும் தழும்பு விடல. எரியுது. வெட்டுங்க."

கார்த்திகேசு அவள் முகத்தை ஒருகணம் பார்த்தார். "எவ்வளவு நேரமா?"

"கொஞ்ச நேரமா. வீரம் காட்டிட்டேன்."

குளோரோபார்ம் வாடை வந்தது. அதே வாடைதான். ஆனால் போனமுறை யாரோ அவளை உறங்க வைத்தார்கள். இந்தமுறை அவளே சொல்லிவிட்டு உறங்கினாள்.

கண் திறந்தபோது டாக்டர்தான் முதலில் தெரிந்தார். "ஆம்பிளைப் பிள்ளை. உள்தழும்பு கடுதாசி மாதிரி மெலிஞ்சு கிடந்தது. இன்னொரு நோவு தாங்கியிராது. இனிப் பிள்ளை வேண்டாம், விளங்குதோ?"

விளங்கியது. காயமும் சீழ் பிடிக்கவில்லை. கடவுள் தன் பாட்டைச் செய்தார்.

சில நாள் கழித்துச் சவரியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தார். திறந்தால் சோற்றுக்கஞ்சி. நிஜ அரிசி. மேலே ஒரு பல் பூண்டு, மோதிரக்கல்போல.

"ஏது அத்தை?"

"கேக்காத. குடி."

கேத்தரின் குடித்தாள். சே, இந்த மனுஷி தன்னை முழுதாக வெறுக்கக்கூட விடமாட்டார்.

சவரியம்மாள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு மூக்கையும் நெற்றியையும் ஆராய்ந்தார். எல்லாம் தன் ஜாடைதான் என்று உறுதியானபின் பெருமூச்சு விட்டார்.

"ரெண்டாச்சு. இருந்தாலும் இதுவும் அறுத்து எடுத்ததுதான். அப்ப தலைப்பிரசவம் இன்னும் பாக்கிதான். அடுத்தது கிள்ளான்லதான், இப்பவே சொல்லிட்டேன்."

கேத்தரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். கட்டிலின் காலடியில் நின்ற சிரில், நீங்கள் சொல்வதும் சரிதான் என்று தொடங்குவதற்கு வாயைத் திறந்திருந்தான்.

"அடுத்தத ஒங்க மகனப் பெத்துக்கச் சொல்லுங்க அத்தை," என்றாள். "கிள்ளானுக்கே அனுப்பலாம். எங்கம்மா நல்லாப் பாத்துக்குவாங்க."