போலி மாணவர்கள் எழுவர்

கிள்ளான் வட்டாரத்துக் கற்றல் மையங்களில் கமலநாதனுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. நேரில் 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'செவப்பு மை'. வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் சிவப்பு வட்டம் போட்டுவிட்டுத்தான் நிமிர்வார். அப்பா பெயரையும் சேர்த்துச் சரிபார்ப்பார்.

அகதிப் பிள்ளைகள் படிக்கும் மையங்களை மேற்பார்வை செய்ய நான்கே பேர் கொண்ட ஒரு சின்னப் பிரிவு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். செலவைக் குறைக்கிறார்களாம். இத்தனை பெரிய அரசாங்கத்தில் இந்த நாலு நாற்காலிதான் அவர்கள் கண்ணை உறுத்தியிருக்கிறது. வெள்ளிக்கிழமையோடு பிரிவை மூடச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மற்ற மூவருக்கும் வேறு இடம் கிடைத்தது. கமலநாதன் ஒப்பந்த ஊழியர், ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு நன்றி கிடைத்தது. அதுவும் மின்னஞ்சலில்.

செந்தூல் அடுக்குமாடியில் அவர் தனிக்கட்டை. கல்யாணம் அமையவில்லை, அமைத்துக்கொள்ளவும் பிறகு தோன்றவில்லை. நாள் முழுக்க அவர் பேசுகிற பேச்செல்லாம் வேலையில் பேசுவதுதான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அடுத்த நாள் காலை ரயில் நிலையம் வரை வாய் திறக்க அவசியமே இருக்காது.

கடைசி வெள்ளிக்கிழமை காலை, பிரிவு மூடப்படுவதைச் சொல்லும் கடிதத்தைக் கொடுக்கக் கிள்ளானுக்குப் போனார். டயர் கடைக்கு மேலே ஒரே அறை. பர்மாவிலிருந்து ஓடிவந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பத்தொன்பது பேர். நடத்துகிறவர் கண்ணம்மா டீச்சர், நாற்பதைத் தாண்டியவர். மோல்மீன் பக்கம் ஒரு கிராமத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர், சண்டைக்குத் தப்பி வந்தவர்.

படியேறும்போதே கமலநாதனுக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அறையில் பத்தொன்பது தலை, பதிவேட்டில் இருபத்தாறு பெயர். இல்லாத ஏழு பேருக்கும் தினமும் 'வருகை' என்று கோடு விழுந்திருந்தது. அவரே பெயர் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த ஏழு பெயர் வந்தபோதும் யாரோ ஒரு பிள்ளை எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றது. அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்த வித்தையெல்லாம் அவர் அறியாததா? இளம் வயதில் ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு குட்டித் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, ஆள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களே என்று, அதிகாரி வரும் நாளில் இதே தகிடுதத்தத்தை அவரே செய்திருக்கிறார். அந்த ஏழு பேரும் எங்கே என்று கேட்டார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த தலையே போதும் என்று அறிக்கையில் எழுதினார். ஏழு பெயரும், அப்பா பெயரோடு, பிழையில்லாமல். மேலே மலாயில் தலைப்பு: முரிட் பால்சு, அதாவது போலி மாணவர், ஏழு. மையத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது.

இப்போது கொண்டுவந்த கடிதத்தைக் கொடுத்துவிட்டு, இனிமேல் மேற்பார்வைக்கு யாரும் வரமாட்டோம் என்றார். ஆள் தொலைந்தான் என்று சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தார். டீச்சர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"அப்ப இனிமே யாரும் வந்து கேக்க மாட்டாங்களா, சார்?"

"கேக்க ஆளே இல்ல டீச்சர். பிரிவையே மூடிட்டாங்க."

டீச்சர் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு அவரை வெளியே படிக்கட்டுக்கு அழைத்துவந்தார்.

"அந்த ஏழு பேரும் எங்கன்னு அன்னிக்குக் கேட்டீங்க. ஊர விட்டு வந்ததுலேர்ந்து அவங்க எங்கன்னு கேட்ட ஒரே ஆளு நீங்கதான் சார். பயத்துல பதில் சொல்லாம இருந்துட்டேன். இன்னிக்குச் சொல்லிடுறேன்."

சொன்னார். குரலை உயர்த்தாமல், பாடம் சொல்கிற மாதிரியே சொன்னார். காலை வேளை, கணக்குப் பாடம். விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைப் பின்பக்கத் தோப்புக்கு ஓடச் சொல்லியிருக்கிறார். முன்வரிசைப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். கடைசி இரண்டு பெஞ்சு கதவுக்குத் தூரம். குண்டு விழுந்து பள்ளிக்கூடம் எரிந்தது, பதிவேடும் எரிந்தது. மறுநாள் கிராமமே எரிந்தது. சாவுக்குச் சீட்டுக் கொடுக்க அதிகாரி இல்லை, குழிக்குமேல் பெயர் எழுத நேரமில்லை. அந்த ஏழு பேரும் பிறந்தார்கள் என்பதற்கே உலகத்தில் ஒரு காகிதம் கிடையாது. இங்கே வந்து மையம் ஆரம்பித்தபோது, பழைய வகுப்பின் பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதினாராம். தப்பிய பிள்ளைகளில் சிலர் இங்கேதான் படிக்கிறார்கள். ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்கப் போன பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை பதில் சொல்லும். இங்கே முதல் நாள் பழக்க தோஷத்தில் அந்தப் பெயர்களையும் கூப்பிட்டுவிட்டார். கூட்டாளிகள் எழுந்து பதில் சொல்லிவிட்டார்கள்.

"வரலன்னு போட எனக்குக் கை வரல சார்" என்றார்.

அடப்பாவி, என்ன காரியம் செய்துவைத்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டு கமலநாதன் படியிறங்கினார். அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு அரசாங்கம் எழுதிவைத்திருக்கும் ஒரே வரி அவர் எழுதியது. அந்த வரி அவர்கள் போலி என்கிறது. சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் அதை மாற்றியாக வேண்டும்.

ரயில் பிடித்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் ஓட்டமும் நடையுமாக அலுவலகத்துக்கு வந்தார். குமாஸ்தா வாணி மட்டும் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். போன வருட அறிக்கையில் ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னார்.

"மத்தியானமே சிஸ்டத்தப் பூட்டிட்டாங்க அங்கிள். இனிமே பாக்கலாம், மாத்த முடியாது லா."

சரி, திருத்தக் கடிதம் எழுதித் தருகிறேன், முத்திரைச் சாப் அடித்துக் கோப்பில் சேர்த்துவிடு என்றார். சாப்பையும் காலையிலேயே மேலிடத்தில் ஒப்படைத்தாயிற்று என்றாள் வாணி. கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. இல்லாத பிரிவுக்குக் கடிதம் வாங்குகிறவர் எவர்? அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளுக்கே என்னவோபோல் ஆகி, அந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தத் தாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அமைச்சுக்கு எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். கீழே என்ன பதவி போடுவது என்று தெரியாமல் பேனாவை மூடிவைத்தார். யாருக்காவது போன் செய்து சொல்லி அழலாம் என்றால் அப்படி ஒரு எண்ணும் அவர் கைப்பேசியில் இல்லை. ஞாயிறு சாயங்காலம் ஏழு பெயரையும் சத்தமாகப் படித்தார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொற்கள் அவைதான். அடுப்படிக் குழாய் சொட்டுகிற சத்தம் தவிரப் பதில் ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் குளித்து, சட்டை போட்டு, கிள்ளானுக்குப் போனார். அவரைப் போகச் சொல்ல யாரும் இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை. பிள்ளைகள் இன்னும் உட்காரவில்லை. டீச்சரிடம் தாளை நீட்டினார்.

டீச்சருக்கு மலாய் அவ்வளவாக ஓடாது. ரோமன் எழுத்துகளை விரலால் கூட்டிக் கூட்டி, ஏழு பெயரையும் படித்தார். பிறகு விரல் மேலே போனது.

"மேல இருக்குற இந்த வார்த்தை என்னங்க சார்? பால்சு?"

ஜெஞ்சாரோம் நாட்களுக்குப் பிறகு முதல்முறையாகக் கமலநாதனுக்கு ஒரு பொய் சொல்லலாமா என்று இருந்தது. மாணவர் என்றோ, இறந்தோர் என்றோ ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை.

"போலின்னு அர்த்தம். நான்தான் எழுதுனேன், டீச்சர். மாத்தப் போனேன், முடியல. பூட்டிட்டாங்க. என்னை மன்னிச்சிருங்க."

டீச்சரின் விரல் மறுபடி பெயர்களுக்கு இறங்கியது. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் வந்து நின்றது.

"பேரெல்லாம் சரியா இருக்கு சார். அப்பா பேரும் சரியா இருக்கு." விரல் இன்னும் பெயர்கள்மேலேயே இருந்தது. "போலின்னாலும், எழுதியிருக்குல்ல."

திட்டியிருந்தால்கூடக் கமலநாதன் தாங்கியிருப்பார். அவர் போய்க் கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தார் டீச்சர். பத்தொன்பது பேரில் பதினெட்டு. அந்த ஏழு பேரில் ஒருவனான அசாருதீனுக்குப் பதில் சொல்கிற பையன் குடும்பத்தோடு பினாங்குக்குப் போய்விட்டானாம். அப்புறம் அந்த ஏழு பெயர்கள். திருச்செல்வத்துக்கு ஒரு குரல், மாதவிக்கு ஒரு குரல், ரேஷ்மாவுக்கு ஒரு குரல்.

"அசாருதீன்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. பெஞ்சு கிறீச்சிட, கமலநாதன் எழுந்து நின்றார்.

"உள்ளேன் டீச்சர்."

டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.