குறை சொல்லிக் கேட்ட வீடு

எங்கள் குடும்பத்தில் ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதை முகத்தில் காட்டக் கூடாது, விலை ஏறிவிடும். என் அக்காவின் கணவர், அத்தான், முப்பது வருடமாகத் துணி மொத்த வியாபாரம் செய்பவர். பட்டு கையில் வழுக்கும்போதே "என்னய்யா இது, சாக்கு மாதிரி இருக்கு" என்பார். கல்யாணப் பேச்சில் அக்காவைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் உயரம் அதிகம்" என்றவர். அக்கா அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் எவ்வளவு பிடித்துப்போய் அப்படிச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும்.

இப்போது அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது. குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்கிறாள். அவர்கள் இருப்பதோ ஊருக்கு வெளியே பெரிய வீடு. ரொட்டி வாங்கக் கார் எடுக்க வேண்டும், கார் எடுக்க அத்தான் வேண்டும். "ஒரு பாக்கெட் பாலுக்கு உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?" என்று ஒருநாள் அழுதேவிட்டாள். கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சம் போவதற்குள் கால்களுக்கு ஒரு தெருவைப் பழக்கிவிட வேண்டும் அவளுக்கு. அதற்காகத்தான் கடைத்தெருவுக்குள் வாடகை வீடு தேடினோம்.

ஏழு வீடு பார்த்தாயிற்று. எட்டாவது, ஒரு தையல் கடைக்கு மேல் மாடி. வீட்டுக்காரி தையல்காரம்மா, கழுத்தில் தொங்கும் டேப்போடு மேலே வந்து கதவைத் திறந்தாள். கீழே அவள் தங்கை மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே போய் ஜன்னல் கட்டையைத் தடவினாள். பிறகு கம்மலைத் தொட்டாள். பிடித்திருக்கிறது என்பதற்கு எங்கள் துணிக்கடைச் சைகை அது.

அத்தான் தொழிலைத் தொடங்கினார்.

"என்னம்மா படி இவ்வளவு குறுகல்? நான் ஒருக்களிச்சு ஏறினேன்."

"பழைய கட்டடம்யா."

"மிஷின் சத்தம் மண்டைய இடிக்குது. இது ஜன்னலா? தபால்பெட்டி வாய் மாதிரி இருக்கு!"

எங்கள் பக்கத்து வியாபாரியாக இருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பார், டீ ஆறுவதற்குள் பேரம் படிந்திருக்கும். தையல்காரம்மாவோ டேப்பைச் சுருட்டினாள். "இத்தனை கஷ்டத்தோட நீங்க எப்படிய்யா இருப்பீங்க? வேற இடம் பாருங்க. நாலு மணிக்கு ஒரு வாத்தியார் வர்றார், அவருக்குக் கொடுத்துடறேன்."

கோபமே இல்லை. நிஜமான அக்கறை. அத்தான் என் காதைக் கடித்தார். "மாப்ளே, இந்தம்மா நான் சொன்னத நம்பிட்டாங்கடா!"

திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம்.

தபால்பெட்டி வாய்க்குள் இருவரும் தலையை நுழைத்தோம். கீழே, சுவரைத் தொட்டபடி அக்கா தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். முனையில் நின்றாள். நடப்பவர்களுக்கான சிக்னல் கூவியதும் கூட்டத்தோடு கடந்தாள். அத்தான் கதவுக்குப் பாய்ந்தார். நான் சட்டையைப் பிடித்தேன்.

"விடுறா!"

"இப்ப நீங்க ஓடினா, இனிமே அக்கா வெளிய கால் வைக்க மாட்டா."

நின்றார். ரொட்டிக் கடைக்குள் அவள் இருந்த ஐந்து நிமிடமும் அவர் மூச்சு விடவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் விட்டேன். பையோடு வந்தவள், எங்கள் வாசலைத் தாண்டி இரண்டு கடை போய்விட்டாள். கூப்பிட வாயைத் திறந்தவர் தன் கையாலேயே பொத்திக்கொண்டார். அக்கா நின்றாள். தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். திரும்பி, நேராக வாசலுக்குள் நுழைந்தாள். எங்கள் முதுகுக்குப் பின்னால் எம்பிப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரம்மாவும் அப்போதுதான் குதிகாலை இறக்கினாள்.

"படி இருபத்தொண்ணு," என்று மூச்சிரைக்க வந்தாள் அக்கா. "குறுகலா இருக்கிறதால ரெண்டு கைக்கும் சுவர் எட்டுது. வாசலத் தவறவிட்டுட்டேன், மிஷின் சத்தம்தான் கூப்பிட்டுது. ஜன்னல்தான் சின்னது. ரெண்டு தலை மாட்டிக்கிட்டு முழிச்சது எனக்கே தெரிஞ்சுது."

அத்தான் தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினார். "வீடு நல்லா இருக்கும்மா." பழக்கமில்லாத வாக்கியம், குரல் தடுக்கியது. "நீங்க கேட்ட வாடகையே தர்றேன்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "திடீர்னு ஏன்யா புகழுறீங்க?"

"இவர் குறை சொன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்மா," என்றாள் அக்கா. "என்னையும் அப்படித்தான் கட்டிக்கிட்டார்."

தையல்காரம்மா சிரித்துவிட்டாள். "வாத்தியார்கிட்ட சொல்லிக்கிறேன். அவருக்குக் கார் இருக்கு, எங்கே வேணா இருப்பார்."

இறங்கும்போது அத்தான் வாசலில் நின்றார். "ஒண்ணே ஒண்ணும்மா." போச்சு, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இவ வெளிய போய்ட்டுத் திரும்பற வரைக்கும் மிஷின நிறுத்தாதீங்க."

"தைக்கத் துணி இருந்தா நான் ஏன்யா நிறுத்தப்போறேன்? மாசத்துல பாதி நாள் சும்மா கிடக்குது."

"துணிக்கு நான் பொறுப்பு," என்றார் அத்தான்.

அக்கா கம்மலைத் தொட்டாள்.