பத்துக்கு எத்தனை

கஹவத்தையில் பஸ் ஏறியபோதே சொல்லவேண்டிய பொய்களை நிரஞ்சன் மனதுக்குள் அடுக்கிக்கொண்டான். பதினாறு பாட்டும் பிரமாதம் என்று தொடங்கவேண்டும். கோல்ட் ஃபர்னஸ் என்ற அந்த இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் இருபது வருஷப் பாட்டுகளை இதைவிட நன்றாகப் பொறுக்க எவனாலும் முடியாது என்று அடித்துச் சொல்லவேண்டும். உண்மையில் அது மட்டமான தொகுப்பு. வானொலிக்காரர்களுக்குப் பிடித்த மெதுவான பாட்டுகளாகப் பார்த்துச் சேர்த்திருந்தார்கள். முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து மூன்றே மூன்று பாட்டு. அந்தக் குழுவைக் கேட்டே இராத ஆட்களுக்கு, கேட்ட பேர் கிடைக்கட்டும் என்று செய்து கொடுத்த சிடி. கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் அதை வாங்கி வந்து, தான் வேலை செய்யும் கடையில் போட்டுக் கேட்டபோது நிரஞ்சனுக்கு வயிறு எரிந்தது. பள்ளிக்கூடச் சிநேகிதன் ஸ்ரீதரன் கேட்டால் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவான்.

கட்டட்டும் என்றுதான் அதை எடுத்துப் போனான்.

ஸ்ரீதரன் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தவனை 2007இல் ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் பிடித்துப் போனார்கள். எங்கெங்கோ வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து சில மாதம் போனபின், வழக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வந்தவன் சாப்பிட்டான், குளித்தான், கூப்பிட்டால் வந்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா வெள்ளையம்மா நிரஞ்சன் வேலை செய்யும் இரும்புக் கடைக்கே தேடி வந்து, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றபடி சொன்னாள்.

“உப்பில்லாத சோத்தப் போட்டுப் பாத்தேன் தம்பி. நல்லாருக்குங்கிறான். மறுநா உப்ப அள்ளிக் கொட்டிப் போட்டேன். அதும் நல்லாருக்காம். எம் மகன் ஒரு கொழம்ப ஒழுங்கா ஒத்துக்கிட்ட ஆளா? நீ வந்து பேசிப் பாரு. எதையாச்சும் ஒண்ண வேணாம்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு.”

நிரஞ்சனுக்கு அப்போதுதான் இந்த யோசனை வந்தது. ஸ்ரீதரன் வாயிலிருந்து ‘மோசம்’ என்ற சொல்லை வரவழைக்கும் பொருள் இந்த உலகத்தில் ஒன்று இருந்தது என்றால், அது கெட்ட பாட்டுதான்.

பள்ளிக்கூடத்துக் காலத்திலேயே இருவரும் அந்தக் குழுவில் விழுந்தவர்கள். இப்றாஹிம் நானா, பாட்டுப் பதிந்து கொடுக்கும் தன் ரெக்கோர்டிங் பாரில் யாரோ விட்டுப் போன இசைத்தட்டிலிருந்து ஒரு அறுபது நிமிட கசட்டில் அடித்துத் தந்தார். அட்டை இல்லை, பாட்டுகளின் பெயர் இல்லை. பெயரை இவர்களே வைத்துக்கொண்டார்கள். ‘லொறி’, ‘தகரம்’, தேயிலைத் தொழிற்சாலை மெஷின் மாதிரி அரைத்துக்கொண்டே போகும் ஒன்றுக்கு ‘ரோலர்’. ஒரு கொப்பியில் ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டார்கள். அதற்குச் சட்டம் உண்டு. பாட்டு முடிந்ததும் வாய் திறக்கக்கூடாது. பாட்டு உள்ளே இறங்கி முடியும்வரை சும்மா இருக்கவேண்டும். அவசரப்பட்டுப் பேசியவன் கேட்கவில்லை என்று அர்த்தம். ஸ்ரீதரன் கால்மணி நேரம்கூட ரப்பர் மரங்களைப் பார்த்தபடி இருந்துவிட்டு, “ரெண்டு” என்பான். நிரஞ்சன் ஏழு என்று சொல்லியிருந்தால், “ஒங் காத அறுத்து மரத்துல கட்டுனா பாலாவது புடிக்கலாம்டா, மச்சான்” என்பான்.

பத்து வாங்கிய பாட்டு ரோலர் மட்டுமே. காரணம் அதன் முடிவு. உச்சத்தில் கத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. “வேற எவனா இருந்தாலும் சமாதானம் பண்ணி முடிச்சிருப்பான். இவன் அப்பிடியே உட்டுட்டுப் போயிட்டான் பாரு” என்று ஸ்ரீதரன் அதைப் பற்றி எத்தனையோ மாலைகள் பேசியிருக்கிறான். அந்த முடிவை வைத்துத்தான் உலகத்தின் மற்ற பாட்டுகளையெல்லாம் அவன் அளந்தான்.

சிடியில் கேட்டபோதுதான் நிரஞ்சனுக்குத் தெரிந்தது. பாட்டு அங்கே முடியவில்லை. கசட்டின் முதல் பக்கம்தான் அங்கே முடிந்திருந்தது. அதற்கு மேலும் ஒரு நிமிடம் இருந்தது; ஓர்கன் குழைய, நாலு பேர் சேர்ந்து ஓவென்று இழுத்து, தாலாட்டு மாதிரி தேய்ந்து போகும் ஒரு நிமிடம். பதின்மூன்று வருஷமாக இப்றாஹிம் நானாவின் நாடா தீர்ந்ததற்கு இருவரும் பத்துப் புள்ளி கொடுத்து வந்திருக்கிறார்கள். இதைக் கேட்டும் ஸ்ரீதரன் சும்மா இருப்பானா?

தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் இரண்டு மணி. ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்த வெள்ளையம்மா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிரஞ்சனைக் கண்டதும் வாளியோடு தண்ணீர்ப் பீலிப் பக்கம் போய்விட்டாள். ஸ்ரீதரன் வாசல் இஸ்தோப்பில் வாங்குப் பலகையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்காலில். இவனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“ஒக்காருடா. நான் என்ன தொரையா?”

உட்கார்ந்தான். கடையிலிருந்து இரவலாக எடுத்து வந்த சிடி செட்டை நிரஞ்சன் வயரில் மாட்டினான். சிடி அட்டையை அவன் கையில் கொடுத்தான். ஸ்ரீதரன் அதைத் திருப்பிப் பார்க்காமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“கோல்ட் ஃபர்னஸ்டா. கிரேட்டஸ்ட் ஹிட்ஸ். பதினாறும் பிரமாதம், மச்சான். இதுக்கு மேல ஒரு சிடி கெடையாது.”

“ஆமாங்க.”

“என்னாடா ஆமாங்க? இன்னும் நீ கேக்கவே இல்லியே.”

“சரிங்க.”

நிரஞ்சன் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு புதுக் கொப்பியை மடியில் விரித்து, பேனாவைத் திறந்தான். முதல் பாட்டு ஓடியது. வானொலிக்காரர்கள் தேய்த்த பாட்டு, இருவரும் ஒரு காலத்தில் காறித் துப்பியது. கடைசித் தந்தி அதிர்ந்து அடங்கக்கூட இல்லை, ஸ்ரீதரன் சொன்னான்.

“நல்லா இருக்குங்க.”

“சட்டம் மறந்து போச்சா? கொஞ்சம் இருந்து சொல்லுடா.”

“சரிங்க. நல்லா இருக்குங்க.”

“பத்துக்கு எத்தன?”

“பத்துங்க.”

நிரஞ்சன் பத்து என்று எழுதினான். இரண்டாவதற்கும் பத்து. மூன்றாவது பாட்டு முடியுமுன்பே அவன் சிங்களத்தில், “ஹொந்தய் சேர்” என்றான். நல்லது, ஐயா. யாரிடம் சொல்கிறான் என்று நிரஞ்சனுக்கு உடனே விளங்கவில்லை. பாட்டுகளைத் தாண்டி எட்டாவதுக்குப் போனான்.

ரோலர் அரைக்கத் தொடங்கியது. லயத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. எதிர் வீட்டுக் காம்பராவில் ஒரு கோழி இறங்கி ஓடியது. ஸ்ரீதரனின் வலதுகைச் சுட்டுவிரல் முழங்காலில் மெல்லத் தட்ட ஆரம்பித்ததை நிரஞ்சன் பார்த்தான். பார்க்காததுபோல் இருந்தான். விரல் தாளத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டே போனது. பாட்டு உச்சத்துக்கு ஏறியது. நாடா தீரும் அந்த இடம் வந்தது. விரல் நின்றது. அதே இடத்தில், ஒரு அடி முன்பின் இல்லாமல், நின்றது.

பாட்டு நிற்கவில்லை. ஓர்கன் வந்தது.

ஸ்ரீதரனின் நெற்றி சுருங்கியது. உதடு பிரிந்தது. நிரஞ்சன் மனதுக்குள் சொன்னான்: சொல்லு, சொல்லுடா. ஸ்ரீதரன் செட்டைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி நிரஞ்சனின் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான், வாயைப் பார்த்தான், பேனா பிடித்த கையைப் பார்த்தான். எந்தப் பதில் வேண்டும் என்று தேடும் பார்வை அது. விரலை மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டான்.

நாலு பேரும் இழுத்து ஓய்ந்தார்கள்.

“பத்துங்க.”

“இது ரோலர்டா. நம்ம ரோலர். முடிவ என்னா பண்ணி வெச்சிருக்கானுங்கன்னு பாத்தியா? தாலாட்டு பாடுறான். எனக்குன்னா இது பத்துக்கு ஒண்ணு.”

“ஒண்ணுதாங்க.”

“இல்ல மச்சான், யோசிச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. பத்து குடுக்கலாம்.”

“பத்துதாங்க.”

“நீ என்னாடா நெனைக்கிற? நீ.”

ஸ்ரீதரனின் கழுத்தில் வேர்வை துளிர்த்திருந்தது. அவன் கொப்பியைப் பார்த்துப் பேசினான், தணிந்த குரலில், ஒத்துழைக்கும் ஆளாக.

“நீங்க எப்பிடிச் சொல்றீங்களோ அப்பிடியே எழுதிக்குங்க. நான் கீழ கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

நிரஞ்சன் கொப்பியை மூடினான். தான் உட்கார்ந்திருக்கும் விதம் அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. எதிரில் நாற்காலி, மடியில் காகிதம், கையில் பேனா, அதே கேள்வியைத் திருப்பித் திருப்பி. இப்படி எத்தனை பேர் ஸ்ரீதரன் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிலும் யாராவது ‘மச்சான்’ என்று கூப்பிட்டிருக்கக்கூடும்.

நிரஞ்சன் செட்டை நிறுத்தினான். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது. இது பழைய சும்மா இருத்தல் இல்லை என்று நிரஞ்சனுக்குத் தெரிந்தது. எதிரிலிருப்பவன் தன் அடுத்த கேள்விக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். கேட்பதற்கு நிரஞ்சனிடம் கேள்வி இல்லை. கேட்காமல் இருக்க இருக்க அந்த முதுகு இன்னும் விறைத்துக்கொண்டே போனது.

ரொம்ப நேரம் கழித்து ஸ்ரீதரன் சிடி அட்டையை வாங்கின் மேல் விளிம்பு பார்த்து நேராக வைத்தான். எழுந்து நின்றான்.

“நான் போகலாமாங்க?”

“ஒன் வீடுடா இது.”

“சரிங்க.”

ஆனால் நகரவில்லை. காம்பரா வாசல் அவனுக்கு இரண்டடியில் இருந்தது. உள்ளே அவன் பாய், அவன் சட்டை, அவன் அம்மா அடுப்பில் மூடி வைத்த சோறு. கையைப் பக்கத்தில் ஒட்டியபடி நிரஞ்சனின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிரஞ்சன் தலையைக் குனிந்து வயரைச் சுருட்டினான், அவிழ்த்தான், மறுபடி சுருட்டினான். நிமிர்ந்தபோதும் அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

“போ” என்றான் நிரஞ்சன்.

ஸ்ரீதரன் தலையைத் தாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனான்.