பாதியில் நின்ற கதை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி கதைப் புத்தகங்களைத் தேடிப்பிடிக்கும்படி பள்ளி நூலகர் அம்மாவுக்கு உத்தரவு. அந்த வயசுப் பிள்ளைகள் நூலகத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. இப்படியே போனால், பந்தும் வலையும் போட்டுவைக்க அறையை விளையாட்டு வாத்தியாருக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை நிதானமாகச் சொல்லிவிட்டார். வாத்தியாரும் ஒருநாள் வந்து சுவரை அளந்துகொண்டு போனார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

தான் படித்துப் பார்க்காத புத்தகத்தை அலமாரியில் ஏற்றமாட்டார் அம்மா. அது அவருடைய பிடிவாதம். கடையிலிருந்து வந்த கட்டைப் பிரித்து, மேலே இருந்ததை எடுத்து, இரண்டு பக்கம் புரட்டலாமே என்று உட்கார்ந்தார். வினையே அங்கேதான். கதையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டுக்குத் தெரியாமல் சர்க்கஸ் லாரியில் ஏறிவிடுகிறாள். அம்மாவும் கூடவே ஏறிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தத்தில் இறங்கவில்லை. வீட்டில் பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது.

"உனக்கென்ன பரீட்சையா?" என்றார் கணவர்.

"பேசாம இருங்க. அவ கம்பி மேல நிக்கிறா."

மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்கு நூலக நேரம். பிள்ளைகள் வழக்கம்போல மேசையில் கவிழ்ந்து தூங்க ஆயத்தமானார்கள். அம்மா அவர்களைக் கவனித்தால்தானே. புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்.

"என்ன ஆச்சு மிஸ்?" என்று கேட்டாள் ஒரு நெட்டைப் பெண். வகுப்பில் அவளுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர்.

அவ்வளவுதான், அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாற்காலி மேல் ஏறாத குறை. தூங்கினவர்களெல்லாம் வந்து மேசையைச் சுற்றி மொய்த்தார்கள். கம்பி அறுந்த இடத்தில் கதை நின்றுவிட்டது.

"அப்புறம் மிஸ்?"

"தெரியாதும்மா. நானே அதுவரைக்கும்தான் படிச்சிருக்கேன்."

"அப்ப புக்கைக் குடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

"நல்லா இருக்கே. நான் முடிச்சாத்தான் உங்களுக்கு."

பிள்ளைகள் கெஞ்சினார்கள், பேரம் பேசினார்கள். அம்மா மசியவில்லை. மணி அடித்தது. ஈரமாகிப்போன கண்ணாடியைத் துடைப்பதற்காகப் புத்தகத்தைக் கீழே வைத்தார். மாட்டிக்கொண்டு பார்த்தால் மேசை காலி. வராந்தாவில் ஒட்டடைக்குச்சி பறந்துகொண்டிருந்தாள், பின்னாலேயே மொத்த வகுப்பும்.

அம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினார். எதிரே தலைமையாசிரியை.

"எதுக்கு இப்படி ஓடறீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான், என்ன சொல்லப்போகிறோம் என்பது அம்மாவுக்கே உறைத்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"நம்ம லைப்ரரில புத்தகம் திருடு போயிடுச்சு மேடம்."

"அதுக்கா இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறீங்க?"

"இத்தனை வருஷத்துல இதுதான் மேடம் முதல் தடவை."