குட்டையின் தலையில் நெட்டை

...ஒரு குட்டைப் பின்னல், ஒரு நெட்டைப் பின்னல், மறுபடி குட்டை, மறுபடி நெட்டை, இவ்வளவுதானே, இதற்குப் போய் ஒரு மாதமா, இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறவள் ஒரு கொக்கி ஊசியை வைத்துக்கொண்டு நாலு விரல் அகலம் பின்ன முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள், தைரியராஜ் நம்புவான், அண்ணன் ஆயிற்றே, சிரித்துக்கொண்டே நம்புவான்... லால்குடி ஸ்டேஷனில் பாசஞ்சர் புகை விட்டுக்கொண்டு வந்து நின்றபோது ரோசரிக்கு அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது. குழந்தைக்கு நீதான் ஞானத்தாய் என்று அண்ணி பாக்கியமேரி சொன்ன அன்றைக்கு, சந்தோஷத்தில், யோசிக்காமல், ஞானஸ்நானத்துக்குத் தொப்பி நானே பின்னிப் போடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஏன் சொன்னாள். வாய். தைரியராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "இவ கையில ஊசியக் குடுத்தா துணிய விட்டுட்டு வெரலத்தான் தைப்பா." அண்ணி சிரிக்கவில்லை, அதுதான் மோசம். "பரவால்ல ரோசரி, எதுக்கும் கடையில ஒண்ணு வாங்கி வச்சுக்கறேன்." வாங்கியும்விட்டாள். சாட்டின் ரிப்பன் வைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெட்டிக்குள் காத்திருக்கிறது, ரோசரியால் முடியாது என்ற முழு நம்பிக்கையோடு.

வண்டியில் ஏறினால் அக்னஸ் டீச்சருக்குப் பக்கத்து இடம் அவளுடையது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் டீச்சர் என்று பேசிக்கொள்வதும் வண்டி நகர்ந்ததும் அடியே என்பதும் வழக்கம், தினமும் அக்னஸ் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து, அவள் விரல்களைப் பிடித்து, இப்படி, இப்படி, ஐயோ அப்படி இல்லை என்று டவுன் ஸ்டேஷன் வரை சொல்லிக்கொடுத்து, இறங்கும்போது பெருமூச்சு விடுவாள். இன்றைக்கு அந்த இடத்தில் ஒரு வாழைத்தார் உட்கார்ந்திருந்தது. பச்சைப் பசேலென்று, சணல் சாக்கு விரித்து, ஒரு மனிதரைப்போல. தாருக்குச் சொந்தக்காரி தன் பெயர் மயிலம்மாள் என்றும் டவுனில் மகளுக்கு வளைகாப்பு என்றும் கேட்காமலே சொன்னாள். "கீழ வச்சா அடிபட்டுக் கறுத்துரும் டீச்சர். நீங்க எதுக்க உக்காருங்களேன். தாருக்குக் காலா இருக்கு, எந்திரிச்சு நிக்க?" அக்னஸ் தாரை ஒரு பார்வை பார்த்தாள். "உக்காருடி எதிர்ல. உன்னை விட இதுக்குச் சீக்கிரம் சொல்லிக் குடுத்துடலாம் போல."

எதிர்ப் பலகையில் உட்கார்ந்து பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். கரித்தூள் படாமல் இருக்க நூல்கண்டு அதற்குள்தான், மூடி இடுக்கு வழியாக நூல் வரும், கழுவிய பிறகும் எலுமிச்சைச் சாத வாசனை, தொப்பி போடும்போதே குழந்தைக்கு ஞானத்தாயின் சமையல் தெரிந்துவிடும்... ஊசியை எடுத்தாள். பிலோமின்ராஜ் செய்துகொடுத்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், கட்டிக்கொண்டு இரண்டு வருஷமாகிறது, பேசுவது கம்மி, தொப்பி விஷயம் சொன்ன மறுநாள் பழைய சைக்கிள் கம்பி ஒன்றை அராவி முனையில் கொக்கி எடுத்து, பிடிக்கிற இடத்தைத் தட்டிப் பெருவிரல் உட்கார ஒரு பள்ளமும் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். அந்தப் பள்ளம் கோணல். விரலை அதில் வைத்தால் கொக்கி வேறு எங்கோ பார்க்கும், கொக்கியைத் திருப்பினால் விரல் வழுக்கும். அக்னஸ் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "என்ஜினுக்கு போல்ட்டு போடுற மனுசன், ஊசியில கோட்டை விட்டுட்டாரே." அதை அவரிடம் சொன்னபோது ரசத்தைப் பிசைந்துகொண்டே "கொஞ்ச நாள் வச்சுப் பாரு" என்றார், வேறொன்று செய்து தருகிறேன் என்று சொல்லவில்லை, அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட.

நேற்றுவரை பின்னியதை ராத்திரியே பிரித்தாயிற்று, அதற்குப் பெயர் தொப்பி இல்லை, வடிகட்டியும் இல்லை. "ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குத் தொப்பி வேணுமில்ல, முதல்லேருந்து வா, சங்கிலி போடு, என்னையே பாரு" என்றாள் அக்னஸ். மாந்துறை தாண்டியது. பார்த்தாள். அக்னஸின் கை முழுதாகத் தெரிந்தது, இத்தனை நாளும் பக்கத்திலிருந்து முழங்கையைத்தான் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது, குட்டைக்கு ஊசியை நுழைத்து நூலை இழுத்து இரண்டு வளையத்துக்குள்ளும் ஒரே இழுப்பு, நெட்டைக்கு முதலில் ஊசியில் நூலை ஒரு சுற்று, அப்புறம் நுழைத்து, இழுத்து, இரண்டிரண்டாக விடுவது, ஓகோ அந்தச் சுற்று அங்கே வருகிறதா, கண்ணாடியில் பார்த்துத் தலைசீவுகிற மாதிரி, அவள் அந்தப் பக்கம் என்றால் நானும் அந்தப் பக்கம், அவள் சுற்றினால் நானும், இழுத்தால் நானும்... வாளாடியில் யாரோ ஏறினார்கள், யாரோ முறுக்கு விற்றார்கள், ரோசரி நிமிரவில்லை, ஒரு வரிசை முடிந்து திருப்பி, குட்டையின் தலையில் நெட்டை, நெட்டையின் தலையில் குட்டை, நூல் கெஞ்சவில்லை, ஊசி முட்டவில்லை, துணியில் புடைப்பு புடைப்பாக ஏதோ எழும்பியது, விரலால் தடவினால் கம்மங்கதிரைத் தடவுகிற மாதிரி, ஐயோ வருகிறதே, வருகிறதே...

"அட, பீச்சாங்கையாலல்ல பின்னுது இந்தம்மா!" என்றாள் மயிலம்மாள்.

கை நின்றது. ஊசி இடது கையில் இருந்தது. எப்போது அங்கே போனது, யார் எடுத்துக்கொடுத்தார்கள், வலது கை நூலைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. காது சூடானது. சின்ன வயதில் தையல் வகுப்பில் கைக்குட்டையால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டுவார்கள், மற்ற பிள்ளைகள் குட்டிக்குட்டிப் பூக்கள் தைக்கும்போது அவள் ஒற்றைக் கையோடு துணியைத் துரத்திக்கொண்டிருப்பாள், கைவராத பிள்ளை, ரோசரிக்குக் கைவேலை வராது, வீட்டிலும் அதே பெயர், பிறகு கட்டுகிறவர்கள் இல்லாமலே அந்தக் கை தானாகப் பின்னால் போய்விடப் பழகிக்கொண்டது, அதையே அவள் மறந்துவிட்டாள், மறந்ததை மறந்துவிட்டாள்... ஊசியை மாற்றிக்கொள்ளலாமா, இப்போதே, யாரும் பார்க்காத மாதிரி, ஞானஸ்நானத் தொப்பியை இந்தக் கையாலா... அக்னஸ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டிச் சத்தத்துக்கு மேல் சிரித்தாள். "அடிப்பாவி! ஒரு மாசமா என் உசுர வாங்குனியேடி, இந்தக் கையை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?" ரோசரி மெதுவாக, "இதால பின்னலாமா டீச்சர்?" என்றாள். அந்த 'டீச்சர்' அவளை அறியாமல் வந்தது, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் குரல். "ஏன், பாப்பா மண்டையில போயி எந்தக் கைன்னு எழுதியா வச்சிருக்கப் போவுது?" என்று மயிலம்மாள் முந்திக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரரும் இப்புடித்தான். சடுகுடுல ஒருத்தன் புடிச்சதில்ல. எந்தப் பக்கம் தொடுவாருன்னு எவனுக்குத் தெரியும்?" அக்னஸ் குனிந்து பின்னலைத் தொட்டுப் பார்த்தாள், தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னுதை விட இது ஒழுங்கா இருக்குடி. வயித்தெரிச்சல்."

கொள்ளிடம் பாலத்தில் வண்டி தடதடவென்று ஏறியபோது இடது கை தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது, கீழே மணல், மணலில் ஒரு கோடு தண்ணீர், இந்தச் சத்தத்தில் பாடினால்கூட யாருக்கும் கேட்காது, பாடினாள், வாய்க்குள். அக்னஸுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. சங்கிலியில் ஒரு கண், அதாவது ஒரு வளையம், அதிகமாக வைத்துக்கொண்டு பழையபடி குட்டையிலேயே ஆரம்பி என்றாள், ஆரம்பித்தால் நெட்டை நெட்டையின் தலையிலேயே போய் உட்கார்ந்தது, கதிர் மறைந்து நேர்க்கோடு கோடாக இறங்கியது, மழை மாதிரி, ஒரே ஒரு கண் கூடியதற்கு இத்தனை மாற்றமா. இரண்டு குட்டை இரண்டு நெட்டையாகப் போடு, போட்டாள், கட்டம் கட்டமாக வந்தது. கண்ணின் பின்பக்க இழையை மட்டும் எடுத்துப் போடு, போட்டாள், வரிசைக்கு வரிசை ஒரு வரப்பு எழும்பியது. நாலு வகையும் ஒரே துண்டில், ஒரு வயல், பக்கத்தில் மழை... தொப்பிக்குக் கம்மங்கதிர்தான், நெற்றி ஓரத்தில் மட்டும் இரண்டு வரப்பு, நீளமாகப் பின்னி மடித்துப் பின்னால் சுருக்கிக் கட்டினால் தொப்பி ஆகிவிடும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா, முடியும், முடியாமல் என்ன. ஸ்ரீரங்கத்தில் மொட்டைக்கோபுரம் தெரிந்தது. எத்தனையோ காலத்துக்கு முன்னால் யாரோ பாதியில் விட்டுப் போனது, வடிகட்டி என்று யாரும் சொல்லவில்லை, பெயர் வைத்து, வழி கேட்டால் அதைக் காட்டி, சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். நான் பாதியில் விடமாட்டேன், சாட்டின் ரிப்பன் பெட்டியிலேயே இருக்கட்டும், தைரியராஜ் காபியை வைக்கட்டும், தொப்பியைப் பார்க்கட்டும், அப்புறம் சிரிக்கட்டும் பார்க்கலாம்... காவிரியும் மலைக்கோட்டையும் வந்து போனதை அவள் நூலின் மேல் விழுந்த வெளிச்சத்தில்தான் அறிந்தாள்.

டவுனில் தாரை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. மயிலம்மாள் ஜன்னல் வழியாக, "தொப்பி போட்டதும் பாப்பாவுக்கு என் பேரச் சொல்லி ஒரு முத்தம் குடும்மா" என்றாள். அக்னஸ், "நாளைக்கும் எதிர்லயே உக்காரு, தார் இல்லாட்டியும்" என்று சொல்லிப் போனாள். பெட்டியில் கூட்டம் குறைந்தது. பொன்மலைக்குக் கொஞ்ச தூரம்தான். தனியாகப் பின்னிக்கொண்டிருந்தாள், சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாமல், குட்டை, நெட்டை, கை போகிற போக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு, அப்போதுதான் பெருவிரலைப் பார்த்தாள். பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. சாய்ந்து, நிம்மதியாக, பாய் விரித்துப் படுத்த மாதிரி, கொக்கி தானாக நூலைப் பார்த்திருந்தது. ஊசியை வலது கைக்கு மாற்றினாள். கோணல். மறுபடி இடது கைக்கு. நேர். மறுபடி வலது. மறுபடி இடது. எதிரே ஒரு கிழவர் அவளை விநோதமாகப் பார்த்தார். அப்படியென்றால் அரம் வழுக்கிக் கோணியதா, இல்லை... கொஞ்ச நாள் வச்சுப் பாரு என்றாரே, ரசத்தைப் பிசைந்துகொண்டே, நிமிராமல். அவருக்கு யார் சொன்னார்கள். அவளே அவளிடம் சொல்லவில்லையே. அவர் முன்னால் எந்தக் கையால் எதைச் செய்தாள், கொசு அடித்தாளா, விழப்போன மூடியைப் பிடித்தாளா, யோசித்து யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் நினைவில்லை, நினைவில்லாமல் செய்ததை எல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்திருந்தால்...

பொன்மலையில் பிலோமின்ராஜ் வேப்பமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தார். அவள் பையை நீட்டினாள், இடது கையால், வேண்டுமென்றே. அவர் வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டினார். "மூக்குல கரி" என்றார். அவ்வளவுதான். மீசை ஓரத்தில் லேசாக ஏதோ இருந்தது, சிரிப்பா, அதுவும் கரிதானா. கேட்டுவிடலாமா. கேட்டால் அரம் வழுக்கிருச்சு என்பார், இல்லையென்றால் ஒன்றும் சொல்ல மாட்டார், இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். நடந்தார்கள். டிபன் பாக்ஸுக்குள் நூல்கண்டு உருண்டு சத்தம் போட்டது. கட்டிக்கொண்டு வந்த புதிதில் ஒரு நாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் தூக்கி பம்ப் இடது பக்கம் வருகிற மாதிரித் திருப்பி வைத்தாரே, ஏன் என்றதற்கு இடம் போதவில்லை என்றார், இடம் போதவில்லையா, சுவர் அந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது... தண்ணீர்ப்பானையின் குவளை எந்தப் பக்கம் தொங்குகிறது, கொடி எந்தப் பக்கம், அந்த அரிவாள்மனையை அவர் எந்தப் பக்கமாக... வீட்டுக்குப் போனதும் பார்க்க வேண்டும்.