பலகை மந்தமா இருக்கு

1.

இந்தக் கதை ஒரு கேள்வியில் தொடங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "உனக்குக் கேக்குதா?" நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சட்டைப் பையில் போன் துடித்தது. எங்கேயோ ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாம். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். வருகிற ஞாயிறு மறுபடி வருவான். கேட்டதை மறக்கிற ஆள் இல்லை. அதற்குள் என்ன பதில் சொல்வது என்று நான் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யத் துப்பில்லாதவர்கள் கதை எழுதுவார்கள். இதோ, உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அண்ணனுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. (தெரியாது என்று எழுதிவிட்டேன். போனை எடுப்பதற்கு முன் அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்தவள் அப்படி அடித்துச் சொல்லக்கூடாது. அந்த இடம் வரும்போது நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.)

2.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

'ஆதியில் ஓசை இல்லை, ஏனெனில் கேட்பதற்கு ஒருவரும்' – அடச்சீ.

'ஒரு அண்ணன், ஒரு தங்கை, ஒரு மட்டமான கிடார்.' இது பரவாயில்லை. ஆனால் அடுத்த வரியில் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' வந்துவிடுவார் போலிருக்கிறது.

'எச்சரிக்கை: இந்தக் கதையை ஈரக் கையால் தொடாதீர்கள்.' என் பிழைப்பு அப்படி. மிக்ஸி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, நீங்கள் பிரிக்காமலேயே தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவள் நான். கதை எழுதுவது மிச்ச நேரத்தில். 'கோளாறும் தீர்வும்' என்று ஒரு பக்கம் போடாமல் எதையும் முடித்து எனக்குப் பழக்கமில்லை. இந்தக் கதையில் கோளாறு இருக்கிறது. தீர்வுப் பக்கம்தான் காலி.

கிடாரிலிருந்தே தொடங்குகிறேன்.

3.

நாங்கள் இரண்டு பேரும் முதல் முதலாக வேலைக்குப் போன வருஷம், கைக்காசைச் சேர்த்துப் போட்டு, மூடப்போகிற ஒரு கடையில் அந்த எலெக்ட்ரிக் கிடாரை வாங்கினோம். இருந்ததிலேயே மலிவானது. தலையில் இருந்த கம்பெனிப் பெயர் உரிந்து போயிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிடார்னா நடுவுல ஓட்டை இருக்குமேடா. இதுல எங்க?"

"இது எலெக்ட்ரிக்ப்பா. ஓட்டை வேண்டாம்."

"நல்லா ஏமாத்திட்டான் உன்னை. பலகையைக் குடுத்து அனுப்பியிருக்கான்."

"விடுங்க, காய் நறுக்க ஆச்சு" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து. அன்றையிலிருந்து அதன் பெயர் பலகை.

பலகையில் எதுவும் சரியில்லை. சுருதி சேர்த்தால் பாட்டு பாதியில் இருக்கும்போது முறுக்காணி நழுவும். கம்பிகள் அவ்வளவு உயரத்தில் நின்றன. அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போனது. அதனால் மாற்ற ஆரம்பித்தோம். முதலில் முறுக்காணிகள். அப்புறம் கம்பிகள் உட்காரும் பிளாஸ்டிக் துண்டை எடுத்துவிட்டு எலும்புத் துண்டு. அப்புறம் அடியில் கம்பிகளைத் தாங்கும் பாலம், அப்புறம் உள்ளே ஒயர்.* அண்ணன் ஈயத்தை உருக்கி ஒயரில் சால்டர் வைப்பான், நான் டார்ச் பிடிப்பேன், இரண்டு பேரும் மாறி மாறித் திட்டிக்கொள்வோம். "ஆடாம பிடி லூசு." "நீ மூச்சு விடாம வை, நான் ஆடல."

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணி ஒருநாள் நியாயமாகத்தான் கேட்டாள்: "இவ்வளவு மெனக்கெடறதுக்கு நல்லதா ஒண்ணு வாங்கிடலாமில்ல?"

"நல்லதை வாங்கினா உக்காந்து வாசிக்கணும்" என்றான் அண்ணன். "இதுன்னா வேலை இருந்துகிட்டே இருக்கும்."

இதைவிட உண்மையான பதிலை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

* எல்லாம் மாறிய பிறகு அது அதே கிடாரா என்று தத்துவம் பேச வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். பலகை பலகைதான்.

4.

[இங்கே பிரபஞ்சம் வருகிறது. வேறு வழியில்லை. மலிவுக் கிடாரை நோண்டுகிறவர்களை எனக்குத் தெரிந்தவரை பாருங்கள், பாதிப் பேர் நட்சத்திரப் பைத்தியங்கள். கழற்றிப் பார்க்கிற கை கிடாரோடு நிற்காது போலிருக்கிறது.]

அந்தக் காலத்து டிவியில் சேனல் வராதபோது புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, அதில் ஒரு சின்னப் பங்கு பெருவெடிப்பின் மிச்ச வெளிச்சம் என்று அண்ணன் எங்கேயோ படித்துவிட்டு வந்தான். அது உண்மைதான். ஆனால் இவன் அதோடு விட்டானா? கிடார்ச் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பைப் போட்டதும் வாசிக்கும் முன் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிசாக ஸ்ஸ்ஸ் என்று வருமே, அதுவும் அதுதான் என்று சாதித்தான்.

"அது ஆம்புக்குள்ள இருக்கிற சூட்டுல எலெக்ட்ரான் துள்ளுறது. படிச்சதைப் பாதியில விட்டுட்டு வராதே" என்றேன்.

"சரி. அந்தச் சூடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கரண்டுலேர்ந்து."

"கரண்டு?"

"நிலக்கரி."

"நிலக்கரி?"

"...மரம். வெயில். சூரியன்."

"சூரியன்? வா, வழிக்கு வா."

இப்படி ஒருத்தனோடு எப்படி மல்லுக்கட்டுவது? விட்டுவிட்டேன். அது எங்கள் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஞாயிறு மத்தியானம் ஆம்பைப் போட்டதும் உடனே வாசிக்க மாட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த ஸ்ஸ்ஸைக் கேட்போம். 'மேலிடத்துக்கு ஒரு வணக்கம்' என்பான். அப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "தூங்கறதுக்கு எதுக்கு இத்தனை ஒயரு?" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்துகொண்டு அவன் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "அந்த ஆதி வெளிச்சம் எங்கயும் போயிடலை. இழுபட்டு இழுபட்டு நம்ம கண்ணுக்கு எட்டாத எடத்துக்கு எறங்கிடுச்சு, அவ்வளவுதான். இப்பவும் நம்மளைச் சுத்தி இருக்கு." அப்போது அவனுக்கு முடி அடர்த்தியாக இருந்தது. எனக்கு உலகத்தில் ஒரு கவலையும் கிடையாது. அந்த மாடி, அந்தத் தொட்டி, அந்த வீடு எதுவும் இப்போது இல்லை. ஞாயிறு மட்டும் என் வீட்டு முன்னறைக்கு இடம் மாறி வந்திருக்கிறது.

5.

இனி எழுதப் பிடிக்காத பகுதி.

கொஞ்ச வருஷமாக அண்ணன் ஒரே பல்லவி பாடினான்: "பலகை மந்தமா இருக்கு."

"நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல, கம்பளியைப் போத்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. பளிச்சுனு இல்ல."

சரி என்று பளிச்சென்று கேட்கும் கம்பிகள் போட்டோம். மந்தம். பிக்கப் மாற்றினோம். கம்பியின் துடிப்பைப் பிடித்து ஆம்புக்கு அனுப்புகிற காந்தச் சுருள் அது. இருப்பதிலேயே கூர்மையானதாகத் தேடி வாங்கினான். ஒரு வாரம் சந்தோஷம், அப்புறம் மந்தம். உள்ளே கெபாசிட்டரை மாற்றினான். ஆம்பில் ட்ரெபிள் குமிழியை, கீச்சென்ற சத்தத்தைக் கூட்டுகிற குமிழி அது, ஞாயிற்றுக்கு ஞாயிறு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஒரு கட்டத்தில் கடைசிக்கே கொண்டுபோய்விட்டான். எனக்குப் பல் கூசியது. வயசான காலத்தில் ரசனை இப்படியும் திரும்பும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குத்தான் உறைக்கவில்லை. பலகை ஒருநாளும் மந்தமாக இருந்ததில்லை. அவன் காதில் குறைந்துகொண்டே வந்ததை அவன் கிடாரில் சரிசெய்துகொண்டிருந்தான். வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். எங்களுக்கு எது கெட்டுப்போனாலும் முதலில் ஸ்க்ரூடிரைவர்தான்.

(அவன் லிஃப்ட் மெக்கானிக் என்பதை ஒழுங்காகச் சொன்னேனா? மோட்டார் அறையில் கண்ணை மூடி நின்று, பேரிங் மெல்லிசாகக் கீச்சிட ஆரம்பிப்பதை மற்றவர்களுக்கு முன்னால் கேட்டுச் சொல்வான். அந்தக் காதை நம்பி ஜனங்கள் ஏறி இறங்குகிறார்கள். இதை அடைப்புக்குறிக்குள் போட்டதற்குக் காரணம், வெளியே எழுதப் பயம்.)

6.

போன ஞாயிறு.

பலகையில் பாக்கியிருந்த ஒரே குறை முனகல். பிக்கப் கம்பியை மட்டும் பிடிக்காது. வீட்டு ஒயரிங், டியூப்லைட், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து ம்ம்ம்ம் என்று கூடவே முனகும். அதற்கு வைத்தியம், கிடாரின் வயிற்றுக்குள் செப்புத் தாள் ஒட்டுவது. மத்தியானம் முழுக்க ஒட்டினோம். சுருக்கம் விழுந்த இடத்தை அவன் நகத்தால் நீவினான், நான் பின்னாலேயே கத்தரித்துக் கொடுத்தேன். மூடி, கம்பி பூட்டி, ஆம்பைப் போட்டான். இரண்டு பேரும் கண்ணை மூடினோம்.

முனகல் போயிருந்தது. ஸ்ஸ்ஸ் மட்டும் தனியாக, குழாயைத் திறந்துவிட்டது போல முன்னறை முழுக்க நிறைந்தது. ட்ரெபிள் கடைசியில் இருக்கிறதே.

"செத்துச்சு பாரு!" என்று தொடையைத் தட்டினான். "சுத்தம்! ஸ்ஸ்ஸும் சேந்து போயிடுச்சு. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. என்ன வேலை பாத்திருக்கேன், சொல்லு!"

நான் கண்ணைத் திறந்தேன்.

அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மேஜைமேல் கிடந்த செப்புத் தாள் சுருளுக்குப் போனது. அங்கிருந்து ஆம்புக்குப் போனது. செப்புத் தாள் முனகலைத்தான் தடுக்கும். ஸ்ஸ்ஸ் ஆம்புக்கு உள்ளேயே பிறப்பது. கிடாருக்குள் எதை ஒட்டினாலும் அது நிற்காது. இது அவனுக்குத் தெரியாதா? இத்தனை நாள் முனகல் சத்தமாக இருந்ததால் இரண்டையும் கேட்கிறோம் என்றே நினைத்திருக்கிறான். முனகல் விலகியதும் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

முட்டி போட்டுக் குனிந்து ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தான். அப்படியே இருந்தான். அப்புறம் தலையைத் திருப்பி, சின்ன வயசில்கூட நான் கேட்டிராத ஒரு குரலில் கேட்டான்.

"உனக்குக் கேக்குதா?"

7.

முடிவுகள்:

அ. "கேக்கல" என்கிறேன். அவன் முகம் மலர்கிறது. நன்றாக வாசிக்கிறோம். திங்கட்கிழமை ஒரு மோட்டார் அறையில் அவன் கண்ணை மூடி நிற்கிறான், பேரிங் கீச்சிடுகிறது, அவன் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டு – முடியாது. எழுத மாட்டேன்.

ஆ. "கேக்குது" என்கிறேன். அவன் தலையாட்டுகிறான். கேபிளை வட்டமாகச் சுற்றி வைக்கிறான். அடுத்த ஞாயிறு வேலை இருக்கிறது என்கிறான். அதற்கடுத்த ஞாயிறும்.

இ. கரண்ட் போய்விடுகிறது. (வெட்கமாயில்லை?)

காதுக்கு மெஷின் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மெஷின் வாங்க டாக்டரிடம் போக வேண்டும். டாக்டரிடம் போக, முதலில் யாராவது ஒருத்தி 'கேக்குது' என்று சொல்ல வேண்டும். அதற்கு அண்ணி இருக்கிறாளே? கேள்வி என்னிடம் அல்லவா கேட்கப்பட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் காது போவதைவிட, ஞாயிறு போய்விடுமோ என்று. இப்படி எழுதுவது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அப்பா இல்லை, அம்மா இல்லை. 'ஆடாம பிடி லூசு' என்று என்னைத் திட்ட உலகத்தில் ஒரே ஆள்தான் பாக்கி.

8.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் கதைகளை முதலில் படிப்பவன் அண்ணன்தான். அவன் படிக்காமல் ஒரு கதையும் வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. அம்மாவிடம் மாட்டிக்கொண்ட முதல் கதையை அவன் பிடுங்கிப் படித்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஆகவே இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. படிப்பதற்குக் காது வேண்டாம்.

என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள். அது எங்கள் குடும்ப விஷயம். ஒன்று மட்டும் சொல்கிறேன். சொன்னபடி ஞாயிறு வந்தான், படித்து முடித்துத் தாள்களை அடுக்கி வைத்தான். எழுந்து போய் ஆம்பைப் போட்டான். நான் பழக்க தோஷத்தில் கண்ணை மூடி, உடனே திறந்தேன். அவன் மூடவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில்தான் அது கேட்கும் என்பது போல. ஸ்ஸ்ஸ் வந்துகொண்டிருந்தது.

அப்போது என் முகத்தில் அவன் என்ன பார்த்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவன் எதிரில் உட்கார்ந்திருந்தவள் நான். அதை நான் எழுத முடியாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.