வெளியே நீட்டிக்கொண்டிருந்த கூப்பன்கள்

என் அறையில் என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் சலவைத் தூள், அலமாரிக்குள் ஷாம்பூ, ஜன்னலை மறைத்துக்கொண்டு குழந்தை டயப்பர். தலைமாட்டில் பால்பவுடர் டின்களை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, "உனக்கு மேசையும் ஆச்சு" என்று சொல்லிவிட்டாள் அக்கா. அக்கா வீட்டில் ஓசியில் தங்கியிருக்கும் தங்கை வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"இது வீடா, கிடங்கா?"

"கிடங்குல யாராவது உனக்குச் சோறு போடுவாங்களா? போய்ப் படு. டின்னு மேல ஈரத்தை வைக்காதே, துரு பிடிக்கும்."

எங்கள் அடுக்குமாடியில் அக்காவுக்குக் கூப்பன்காரி என்று பேர். தெருமுனை சூப்பர் மார்க்கெட் வாராவாரம் வீடுகளுக்கு விளம்பரத் தாள் அனுப்பும். அதன் ஓரத்தில் கூப்பன்கள் இருக்கும். வெட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் சில சாமான்கள் பாதி விலைக்குக் கிடைக்கும். அக்கா அப்படி வாங்கியதை, கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து அக்கம்பக்கத்தில் விற்றாள். இதில் இடிக்கிற விஷயம் ஒன்றுதான். அதே கடையில் நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அக்கா எந்தக் கல்லாவுக்கு வேண்டுமானாலும் போகலாம், என்னுடையதற்கு மட்டும் வரக் கூடாது.

"வீட்டுக்கு ஒரு கூப்பன்னு போட்டிருக்கே, அதைப் பாக்கவே மாட்டியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எறும்பு சைஸ்ல போட்டிருக்கான். நான் படிக்கக் கூடாதுன்னுதானே அப்படிப் போட்டிருக்கான்?"

"உனக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது."

"ஜெயிக்கவேண்டாம், கேளு. அவன் சொன்ன விலைக்கு வாங்குறேன். அவன் விலையைவிடக் கம்மியா விக்கிறேன். நடுவுல யாரு அழறாங்க, சொல்லு."

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நகத்திலிருந்த கிரீசைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "கடைக்காரன் அழறானோ என்னமோ" என்றார்.

"அவனா? ஏசியைப் போட்டுக்கிட்டுச் சிரிக்கிறான்."

"அதுவும் சரிதான். நமக்கென்ன குறை? பல்லு விழுற வரைக்கும் பிரஷ் இருக்கு. பிரஷ் தீர்ற வரைக்கும் பல்லு இருக்குமான்னுதான் தெரியல."

உண்மையைச் சொன்னால் எனக்கும் அக்காவின் கேள்விக்கு அப்போது பதில் தெரியவில்லை. யாரும் அழவில்லைதான். மேல் மாடித் தையல்காரம்மாவுக்குச் சோப்பு மலிவாகக் கிடைத்தது. எதிர்வீட்டு டிரைவர் மாதக் கடைசியில் வந்து வாங்கிக்கொண்டு, சம்பளம் வந்ததும் கொடுத்தார். அக்காவும் முகம் சுளிக்காமல் கொடுத்தாள். கடையில் கல்லாவில் நின்று, "இந்த வாரம் கொடுக்கிறேன்" என்று யாராவது சொல்ல முடியுமா? எங்கள் மேனேஜர் மூர்ச்சை போட்டு விழுவார்.

இவ்வளவு கூப்பன்கள் அவளுக்கு எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லவேண்டும். கட்டடத்து வாசலில் எல்லா வீட்டுக்கும் வரிசையாகத் தபால் பெட்டிகள் உண்டு. பக்கத்திலேயே ஒரு குப்பைத் தொட்டி. கடை அமர்த்திய ஒருவர், சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்து, பெட்டிக்கு ஒன்றாகத் தாளைப் போட்டுவிட்டுப் போவார். தாள்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு. மழை பெய்தால் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தான் நனைந்து வருவார். அவர் அந்தப் பக்கம் போனதும், பாதிப் பேர் பெட்டியைத் திறந்து தாளை அப்படியே தொட்டியில் போடுவார்கள். மறுநிமிடம் அக்கா தொட்டியில் கை விடுவாள். "குப்பையிலேர்ந்து எடுக்கிறது திருட்டா?" என்பாள். இல்லைதான்.

இரண்டாம் மாடியில் ஒரு பெண் இருந்தாள். அவளுடைய கணவனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அவளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, பல வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். ஒருவழியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தவள், மறுநாளே எங்கள் கதவைத் தட்டினாள். பச்சை உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தோளில் ஒரு கைக்குட்டை அளவுக்குக் குழந்தை.

"அக்கா, பால் பத்தல. பவுடர் குடுக்கச் சொல்லிட்டாங்க. கடையில விலையைக் கேட்டா தலை சுத்துது. உங்ககிட்ட இருக்குன்னாங்க."

அக்கா என் மேசையின் ஒரு காலை உருவிக்கொண்டு போய்க் கொடுத்தாள். வழக்கமாகச் சொல்லும் விலையிலும் கொஞ்சம் குறைத்தாள். "உனக்காகக் குறைச்சிருக்கேன், வெளியில சொல்லிக்காதே" என்றாள். அந்தப் பெண் நன்றி சொன்னாள். படி இறங்கப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு அக்கா என்னைப் பார்த்தாள். இப்போ சொல்லுடி, யாரு அழறாங்க என்று கேட்கிற பார்வை. நான் பலகை சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெண் என் கல்லாவுக்கு வந்தாள். டயப்பர் கட்டு ஒன்றை வைத்தாள். அவளுக்கு முன்னால் நின்றவர் கூப்பனைக் கொடுத்து அதே கட்டைப் பாதி விலைக்கு வாங்கிப் போனதைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கு ஏன் இந்தத் தாள் வரவே இல்லை? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பெட்டியைத் திறந்தா கரண்ட் பில் இருக்கு, பேங்க் கவர் இருக்கு, இது மட்டும் ஒண்ணுகூட இல்லை. அத்தனை வாரமும் என்ன ஆச்சு?"

நான் ஸ்கேனரைக் கையில் எடுத்தேன். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். மேனேஜருக்குப் புகார் என்றால் காது ஒரு முழம் நீளும்.

"இவங்க உங்க கட்டடமா?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "அங்கே ஊருக்குப் போயிட்டு வந்த இன்னும் ரெண்டு வீட்டுக்காரங்க இதையேதான் சொன்னாங்க. எல்லாம் அந்தத் தாள் போடுற ஆள் வேலை. போடாமலே காசு வாங்கிட்டிருக்கான். இந்த வாரத்தோட அவனை வேலையிலேர்ந்து நிறுத்திடறேன்மா."

அந்தப் பெண் முழு விலையைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பில்லை மாற்றிப் போட்டு, அடுத்தவரிடம் திட்டு வாங்கினேன். மழையில் நனைந்துகொண்டு வரும் மனிதர் போடாமல் ஏமாற்றுவார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அப்படியென்றால் யார் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வீடு வந்து சேர்வதற்குள் யோசித்துவிட்டேன்.

அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ தொட்டியிலேர்ந்து மட்டும்தான் எடுக்கிறியா?"

"பின்னே?"

"அக்கா."

கத்தி நின்றது. "பெட்டியை நான் திறந்ததே இல்லை. சத்தியமாத் திறந்ததில்லை. நிறைஞ்சு வழிஞ்சு, வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா உருவுவேன். வாரக்கணக்கா எடுக்கலைன்னா வேண்டாம்னுதானே அர்த்தம்? தொட்டியில போடச் சோம்பல் அவங்களுக்கு."

"அவ எடுக்காம இருந்தது சோம்பல்ல இல்லை. பிள்ளை பிழைக்குமா பிழைக்காதான்னு ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தா."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தாள்காரருக்கு நடக்கப்போவதைச் சொன்னேன். அந்தப் பெண் இங்கே வாங்கிய டின் அவளுடைய கூப்பனிலேயே வாங்கினதாகக்கூட இருக்கும் என்றேன். "நாளைக்கு நானே மேனேஜர்கிட்டச் சொல்லிடுவேன்."

"உன் சொந்த அக்கா திருடின்னு சொல்லுவியா?"

"நீ சொல்லலைன்னா சொல்லுவேன்."

அக்கா அழுகிற ரகம் இல்லை. கையைக் கழுவினாள். "நடுவுல யாரும் இல்லைன்னு நெனைச்சேன்" என்றாள். பிறகு என் அறைக்குள் போய்ப் பலகையைத் தூக்கிக் கீழே வைத்தாள். மீதியிருந்த டின்களை ஒரு பையில் போட்டாள். தூக்க முடியாமல் ஒரு பிடியை என்னிடம் நீட்டினாள். இரண்டு பேருமாக இரண்டாம் மாடிக்கு இறங்கினோம்.

கதவைத் திறந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அய்யோ, எதுக்குக்கா இவ்வளவு? குழந்தையைப் பாக்க வந்தா வெறுங்கையோட வரலாமே."

அந்த இடத்தில் அக்கா சும்மா சிரித்துவிட்டு வந்திருக்கலாம். குழந்தைக்குச் சீர் செய்த பெரிய மனுஷி என்று கட்டடம் முழுக்கப் பேர் கிடைத்திருக்கும். எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

"இது பரிசு இல்லைம்மா" என்றாள் அக்கா. "உன் தாள் எல்லாம் வந்துச்சு. பெட்டிக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்ததை நான்தான் எடுத்தேன். அதுல வாங்கினதைத்தான் உனக்கே வித்தேன். அன்னிக்கு நீ குடுத்த காசும் இந்தப் பையில இருக்கு."

அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"காசு திரும்பி வந்துடுச்சு, சரி. அன்னிக்கு உங்களுக்கு ரெண்டு தரம் நன்றி சொன்னேன். ஒரு தரம் படியிலேர்ந்து திரும்பி வந்து சொன்னேன். அதை நான் எப்படித் திரும்ப வாங்கிக்கிறது?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற அக்கா குனிந்து பையை உள்ளே தள்ளினாள். இரண்டு பேரும் திரும்பி நடந்தோம். அவள் கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் கடை திறந்ததும் அக்கா வந்தாள். முதல் முறையாக என் கல்லாவுக்கு வந்து, "மேனேஜரைக் கூப்பிடு" என்றாள். வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. இனிமேல் அவள் கூப்பன் இந்தக் கடையில் செல்லாது என்றார். "யாரு இந்தம்மா?" என்று வரிசையில் யாரோ கேட்டதற்கு, "என் அக்காதான்" என்றேன். தாள்காரரை நிறுத்தப் போவதில்லை என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் அக்கா நகர்ந்தாள்.

அத்தோடு முடிந்தது என்று இருந்தேன். சில நாள் கழித்துத் தாள்காரர் ஒரு ரொட்டி பாக்கெட்டோடு என் முன்னால் வந்து நின்றார். அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"உங்க அக்காகிட்டச் சொல்லிடும்மா. என்னை நிறுத்த இருந்தாங்களாம். உங்க கட்டடத்துலேர்ந்து ஒரு அம்மா வந்து எனக்காகப் பேசினாங்கன்னு மேனேஜர் சொன்னார். அது உங்க அக்காதான்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஊர்ல யாரு யாருக்காகப் பேசுறாங்க? நேர்ல பாத்து ஒரு நன்றி சொல்லணும்."

மேனேஜர் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு பாவமும் அறியாதவரைத் திருடன் என்று நினைத்த மீதிப் பாதியைச் சொன்னால் கடைக்கு அசிங்கம் இல்லையா? நான் ரொட்டியைப் பையில் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. அது நீ சொல்லவேண்டியது."

"பேசாம விட்டுடேன்" என்றார் மாமா. "அந்த மனுஷன் சந்தோஷமா இருக்காரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்தக் கேள்வியை அந்த வீட்டில் அதற்குமுன் கேட்டதெல்லாம் அக்காதான். அவரைத் திரும்பிப் பார்த்தாள். மடித்த துணியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். தாள்காரர் தாள் போட வரும் நேரம் அது.

நான் படித் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். தாள்காரர் அக்காவைக் கண்டதும் பையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, உங்களுக்கு நான்..."

"இருங்க" என்று அக்கா கையைக் காட்டினாள். "முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அதுக்கப்புறமும் சொல்லணும்னு தோணினா சொல்லுங்க."

அவர் முழுவதையும் கேட்டார். அதற்கப்புறம் சொல்லவில்லை. பையிலிருந்து தாள்களை எடுத்து ஒவ்வொரு பெட்டியாகப் போட்டார். எங்கள் பெட்டிக்கும் ஒன்று போட்டார். இரண்டாம் மாடிப் பெட்டியில் மட்டும், வெளியே துளியும் தெரியாதபடி விரலால் உள்ளே தள்ளினார். அக்கா அவர் முடித்துவிட்டுப் போகும்வரை அங்கேயே நின்றாள்.